குலுங்கிய தலை, எழாத கை

தலையில் அடிபட்டுப் பிழைத்து வந்தவனிடம் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அடி விழுந்தபோது எப்படி இருந்தது? தெரியாது என்றால் ஒருவரும் நம்புவதில்லை, மழுப்புகிறேன் என்று நினைக்கிறார்கள். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. அன்று காலை துறைமுக வாசலருகே ஒரு வண்டிமாடு நடுவழியில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது நினைவிருக்கிறது. வண்டிக்காரன் அதன் காதோரம் குனிந்து கெஞ்சிக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்தது ஒரு வெள்ளைக் கூரை, பினாயில் நாற்றம், என் மனைவி சூசையம்மாளின் வீங்கிய முகம். நடுவில் ஒன்றுமே இல்லை.

ராயபுரத்தில் என்னைப் போல மண்டையில் அடிபட்டவர்கள் குறைவில்லை. கப்பல், ரயில், கட்டுமரம் என்று எதிலாவது விழுந்து எழுந்தவர்கள்தான் பாதிப் பேர். அவர்களில் சிலர் இப்போது என்னிடம் வந்து, 'உனக்கு எப்படி சரியாச்சு' என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. பொறுமை குறைந்துபோனதும் அந்த அடியின் உபயம்தான். அதனால் எழுதி வைக்கிறேன்.

என் வேலையை முதலில் சொல்ல வேண்டும். கப்பலின் மேல்தளத்தில் பெரிய கிணறு போல ஒரு வாய் திறந்திருக்கும். அதற்குக் கீழே சரக்கறை. அங்கே ஆட்கள் மூட்டைகளைக் கயிற்று வலையில் அடுக்கிக் கொக்கியில் மாட்டுவார்கள். மேலே நீராவியால் பாரம் தூக்கும் பொறியை, அதாவது வின்ச்சை, ஓட்டுகிறவன் அந்த வலையைத் தூக்குவான். அவன் நிற்கும் இடத்திலிருந்து கீழே இருப்பவர்கள் தெரியமாட்டார்கள், அந்த இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. ஆகவே வாயின் விளிம்பில் ஒருவன் நின்று இரண்டு பக்கமும் பார்த்துக் கையால் காட்டுவான். கை மேலே போனால் தூக்கு. உள்ளங்கை கீழ்நோக்கி அசைந்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நிறுத்து. அந்தக் கை காட்டுகிறவன் நான். என் கை தப்பினால் கீழே நிற்பவன் நசுங்குவான். இத்தனை வருஷத்தில் என் கைக்குக் கீழே ஒருவனும் நசுங்கியதில்லை. அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அன்று என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொன்னதுதான். கீழே ஆட்கள் மாட்டி முடிக்கும் முன்பே வலை எழும்பிவிட்டது. கோணலாக எழும்பியது ஆடிக்கொண்டே வந்து என்னை அடித்தது. நான் தளத்தில் போய் விழுந்ததில் பின்மண்டை இரும்பில் மோதியது. இந்தப் பக்கம் விழாமல் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் சரக்கறைக்குள்தான் போயிருப்பேன். நல்லவேளையாகக் கீழே இருந்தவர்கள் விலகிவிட்டார்கள்.

வின்ச்சை ஓட்டியவன் முனுசாமி. வியாசர்பாடிக்காரன், என் தோஸ்து. அவன் என் கையைப் பார்த்துத்தான் தூக்கினானா, பார்க்காமல் தூக்கினானா? என் கை மேலே போனதா, இல்லையா? மண்டையில் விழுந்த அடியைவிட இந்தக் கேள்விதான் என்னைப் படாதபாடு படுத்தியது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் டாக்டர் நரசிம்மலு. குட்டையான மனிதர், அதட்டல் குரல். யுத்தத்தின்போது பட்டாளத்தோடு மெசபொடேமியா போய் வந்தவர் என்று நர்ஸம்மா சொன்னாள். கண்ணுக்குள் விளக்கடித்துக் கண்மணி சுருங்குகிறதா என்று பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடச் சொன்னார், தொட்டேன். காதிலிருந்து ரத்தமோ நீரோ வடிந்ததா என்று சூசையிடம் இரண்டு மூன்று தடவை கேட்டார். எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். எலும்பில் விரிசல் இல்லை.

"கன்கஷன்" என்றார் டாக்டர். "அப்படின்னா மூளை குலுங்கிப்போச்சுன்னு அர்த்தம். உடையல, கிழியல. தூக்குச்சட்டியில தயிர் எடுத்துக்கிட்டு ஓடினா சட்டிக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள தயிர் கலங்கும் இல்லையா? அந்த மாதிரி. ஆடாம அசையாம படுத்திரு."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவர் போன பிறகு நான் அந்தத் தயிரையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். கலங்கிய தயிர் திரும்பத் தோயாது. அது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும்.

தலையில் ஐஸ் பை வைத்தார்கள். வயிறு கழியப் பேதி உப்பும், தூக்கத்துக்கு உவர்ப்பாக ஒரு புரோமைடு மிக்ஸரும் கொடுத்தார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. தட்டு விழுந்த சத்தம் பல்லில் கூசியது. வாந்தி எடுத்தேன். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டேனாம். 'மாடு எழுந்ததா' என்று நான் கேட்க, 'எழுந்து போயிடுச்சுய்யா' என்று சூசை சொல்ல, சற்று நேரத்தில் மறுபடியும் கேட்பேனாம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே பதில் சொன்னாளாம். துறைமுகக் கிடங்கில் கிழிந்த கோணி தைக்கிறவள் அவள். கையில் கோணி ஊசி இல்லாமல் அவளை நான் பார்த்ததே கிடையாது. அந்த நாட்களில் வெறுங்கையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இதெல்லாம் மெல்ல மெல்லக் குறைந்தது. வாந்தி நின்றது, கேட்டதையே கேட்பது நின்றது. கஞ்சி இறங்கியது. ஒரு வாரம் போனால் வீட்டுக்கு அனுப்பலாம் என்றார் டாக்டர். அந்த நேரத்தில்தான் எங்கள் கோஷ்டி ஆட்கள் என்னைப் பார்க்க வந்தார்கள்.

மூன்று பேர் வந்தார்கள். மேஸ்திரி, காசிம் பாய், ஏழுமலை. மேஸ்திரி எங்கள் கோஷ்டிக்குத் தலைவர். மற்ற இருவரும் சரக்கறைக்குள் மூட்டை அடுக்குகிறவர்கள், அதாவது என் கையை நம்பிக் கீழே நிற்பவர்கள். வாசலிலேயே நர்ஸம்மா அவர்களை மடக்கி, சத்தம் ஆகாது, வாயே திறக்கக்கூடாது என்று கண்டித்து அனுப்பியிருக்கிறாள். நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். வெளிச்சத்துக்காக மூடியிருந்தேனே தவிர, தூங்கவில்லை. இமை இடுக்கில் அவர்கள் கால்மாட்டில் நிற்பது தெரிந்தது.

வேறு எந்தத் தொழில்காரனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். பேசக்கூடாது என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்கள், அல்லது கிசுகிசுப்பார்கள். எங்கள் ஆட்களுக்கோ வாய் மூடினால் கை திறந்துகொள்ளும். கப்பலின் இரைச்சலில் நாள் முழுவதும் கையாலேயே பேசுகிறவர்கள். மூட்டை நல்லது, மூட்டை நனைந்தது, ஆள் போதாது, சோற்று நேரம், மேஸ்திரி வருகிறான் ஜாக்கிரதை, எல்லாவற்றுக்கும் கை உண்டு. நோயாளிக்குத் தொந்தரவு இல்லாமல், மூன்று பேரும் என் கால்மாட்டில் நின்று கையால் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கைப்பேச்சில் பாதியை அவர்களுக்குப் பழக்கியவனே நான் என்பதை அந்த நேரத்தில் ஒருவரும் நினைக்கவில்லை.

மேஸ்திரி என்னைக் காட்டினார். தன் தலையைத் தொட்டார். பிறகு இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்து விரித்தார். உடைந்த சரக்குக்கு நாங்கள் காட்டும் கை அது. பெட்டி உடைந்துவிட்டது, ஓரமாகத் தள்ளி வை, எண்ணிக்கையில் சேர்க்காதே என்று பொருள். காசிம் பாய் தலையை ஆட்டினார். மேஸ்திரி ஏழுமலையின் மார்பில் விரலால் குத்தி, கையை மேலே தூக்கிக் காட்டினார். இனிமேல் நீ காட்டு. ஏழுமலை என்னை ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டுச் சரி என்றான்.

பிறகு மூவரும் என் காலை மெதுவாகத் தொட்டுவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அவ்வளவு பதவிசாக அவர்கள் நடந்து நான் பார்த்ததே இல்லை.

அன்று மாலையே தலைவலி திரும்பி வந்தது. முன்னே இருந்ததைவிடப் பொல்லாத வலி. வார்டின் நடுவில் சங்கிலியில் ஒரு விளக்குத் தொங்கும். கடற்காற்றில் லேசாக ஆடும். அதைப் பார்த்ததும் கட்டிலோடு நானும் சாய்வது போல் இருந்தது, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். வேர்த்துக் கொட்டியது. அதன் பிறகு ஆடுகிற எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. நர்ஸம்மாவின் கழுத்துச் சிலுவை ஆடினாலும் சுற்றியது. டாக்டர் மறுபடி எல்லாச் சோதனையும் செய்தார். முதுகெலும்பில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தார். அந்த வலியை நான் விவரிக்கப்போவதில்லை. நீர் தெளிவாக இருந்தது. எதுவும் தப்பாக இல்லை. ஆனால் எனக்குச் சுற்றியது.

சூசையிடம் நான் பார்த்ததைச் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சத்தம் ஆகாது, அதிர்ச்சி ஆகாது என்று வார்டில் சொன்ன வார்த்தையை சூசை சந்துக்குள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். எங்கள் சந்து எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத்தான் நடந்தது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். விடிந்ததும் சண்டை போடாவிட்டால் சோறு செரிக்காத ஜனங்கள் வாயை மூடிக்கொண்டார்கள். எதிர்வீட்டு மதலேனாள் உரலைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த சந்தில் மாவு இடித்தாள். மீன் விற்கிறவள் கூவாமல் வந்து, ஒவ்வொரு வாசலிலும் கூடையை இறக்கிக் காட்டிவிட்டுப் போனாள். பொதுக்கிணற்று ராட்டினம் கிரீச்சென்று கத்துகிறது, வாளியும் ஆடுகிறது என்று யாரோ சொல்ல, அதைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் கயிறு இழுத்தார்கள். பெண்களின் உள்ளங்கை கன்றிப்போனதைப் பின்னால்தான் பார்த்தேன்.

ஆனால் அந்த அமைதி எனக்கு விஷமாயிற்று. வெளியே சத்தம் இல்லாதபோது ஒருவன் எதைக் கேட்பான்? தன் தலையைத்தான் கேட்பான். காதுக்குள் ஒரு ரீங்காரம். அது நேற்றைவிட அதிகமா, குறைவா? இந்த வலி நெற்றியிலா, பிடரியிலா? நாள் முழுக்க எனக்கு அதுதான் வேலை. அந்தச் சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததால், எனக்கு வந்திருப்பது பெரிய வியாதிதான் என்பதில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. உடைந்த சரக்குக்குத்தானே இவ்வளவு பத்திரம்.

கோபம் வேறு வந்தது. முன்பின் காரணம் கிடையாது. ஒருநாள் கஞ்சி ஆறிவிட்டதென்று கிண்ணத்தைச் சுவரில் எறிந்தேன். எறிந்துவிட்டு அழுதேன். சூசை சுவரைத் துடைத்தாள். அன்று யாரோ ஒருத்தி வாசலில் நின்று கீழ்ப்பாக்கம் என்று சொன்னது என் காதில் விழுந்தது. மதராசில் அந்த ஊரின் பெயரைத் தணிந்த குரலில் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது.

சூசை உள்ளே வந்தாள்.

"இந்தாய்யா, எயுந்திரு. டாக்டராண்ட போலாம்" என்றாள்.

"எதுக்கு? கீப்பாக்கத்துக்கு சீட்டு வாங்கவா?"

"வாய மூடு. உன்ன எங்கியும் அனுப்ப மாட்டேன். ஆனா உனக்கு இன்னா ஆவுதுன்னு எனக்கு தெரியணும். நீ என்னாண்ட ஒண்ணியும் சொல்ல மாட்டேன்ற. அந்தாளாண்டயாவது சொல்லு."

ஆஸ்பத்திரி பெஞ்சில் காலை முழுவதும் காத்திருந்தோம். குழந்தைகள் அழுதன. யாரோ இருமினார்கள். ஒரு கிழவர் தன் மருமகளைத் திட்டிக்கொண்டே இருந்தார். விநோதம் என்னவென்றால், அந்தச் சந்தடியில் எனக்குத் தலைவலிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை, சூசைதான் கவனித்தாள். உள்ளே போனதும் டாக்டரிடம் முதல் வார்த்தையாக அதைத்தான் சொன்னாள்.

டாக்டர் தரையில் ஒரு கோடு போட்டு அதன்மேல் என்னை நடக்கச் சொன்னார், நேராக நடந்தேன். பாக்கெட்டிலிருந்து கடிகாரத்தை எடுத்துச் சங்கிலியைப் பிடித்து என் முன்னால் ஆட்டினார். நான் மேசையைப் பற்றிக்கொண்டேன். கடிகாரத்தை உள்ளே வைத்தார்.

"இது எப்போ ஆரம்பிச்சுது?"

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. மேஸ்திரியின் கையை, அந்தக் குறுக்கு மணிக்கட்டை, அவருக்கு முன்னால் செய்து காட்டினேன். அதன் பொருளைச் சொன்னேன். சூசை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மேஸ்திரி எந்தக் காலேஜில டாக்டருக்குப் படிச்சான்? மூட்டையப் பார்த்து சொல்ற மாதிரி மண்டையப் பார்த்து சொல்லிட்டானா?"

"நீங்கதான் தயிர்னு சொன்னீங்க சாமி. கலங்கின தயிரு தோயாதே."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அது என் தப்பு. கேளு" என்றார். "யுத்தத்துல குண்டு பக்கத்துல வெடிச்சு விழுந்தவங்கள நெறயப் பார்த்தேன். மேல ஒரு கீறல் இருக்காது. ஒருத்தனுக்குக் கை நடுங்கும், ஒருத்தனால நடக்க முடியாது. பொய் சொல்றாங்கன்னு மேலதிகாரிங்க சொல்வாங்க. பொய் இல்ல. உன் தலைவலியும் பொய் இல்ல, சுத்துறதும் பொய் இல்ல. முதல்ல வந்தது அடியால வந்தது. அது ஆறிப்போச்சு. இப்போ வர்றது பயத்தால வர்றது. பயத்தால வர்ற வலியும் வலிதான். ஆனா அதுக்கு மருந்து வேற."

"இன்னா மருந்து சாமி?" என்றாள் சூசை.

"மொதல்ல, உன் தெருவை சத்தம் போடச் சொல்லு. ரெண்டாவது, இவன் ஆடுறதைப் பார்க்கணும். கொஞ்சமாப் பார்க்கணும், தெனமும் பார்க்கணும். சுத்தும். சுத்தினா சுத்தட்டும்னு நிக்கணும், ஓடக்கூடாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நடந்ததை நெனச்சு நெனச்சுப் பார்க்கிறியா?"

"எந்நேரமும்."

"வராது. எங்கியோ ஒளிஞ்சிருக்கு, தேடினா கெடைக்கும்னு நெனைக்காதே. அடி விழுந்தப்போ அது மனசுல பதியவே இல்ல. இல்லாத ஒண்ணைத் தேடித்தான் பாதி வலி." எழுந்துகொண்டே கேட்டார். "உன்னைப் பார்க்க யார் வரல?"

சூசை சொன்னாள். "வின்ச்சு ஓட்ற முனுசாமி வரல."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் சூசை வியாசர்பாடிக்கு நடந்தே போனாள். முனுசாமியைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்தாள். அவனைப் பார்த்து நான் திடுக்கிட்டேன். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கள்ளு வாடை. அந்த நாளுக்குப் பிறகு அவன் வின்ச்சையே தொடவில்லை, கரையில் மூட்டை சுமக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. வாசலுக்கு உள்ளே வராமல் நின்றான்.

"உள்ள வாடா" என்றேன்.

"நைனா, ஒண்ணே ஒண்ணு சொல்லு. உனக்கு நாபகம் கீதா? உன் கை மேல போச்சா?"

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு என்றால் சந்தோஷச் சிரிப்பு அல்ல. "அத்த உன்ன கேக்கணும்னுதாண்டா நான் இம்மா நாளா பட்த்துகினு கீறேன். நீ பாத்தியா இல்லியா?"

"பாத்தேன். கை மேல போச்சு, தூக்கினேன்." நிறுத்தினான். "போச்சுன்னுதான் மொத நாளு எல்லாராண்டயும் சொன்னேன். அப்பால தெனமும் நெனச்சி நெனச்சி, ஒரு நாளு போனமாரி கீது, ஒரு நாளு போவாதமாரி கீது. உம் முகம் தெரியுது, கை தெரில. இப்போ சத்தியமா எனக்கு ஒண்ணியும் தெரியாது நைனா. நீ நாபகம் வந்து சொல்வேன்னு பாத்துகினு இருந்தேன். அதான் வர்ல. பயந்துகினு வர்ல."

அவன் அழுதான். நானும் அழுதேன். இரண்டு தடிப்பயல்கள் வாசலில் நின்று அழுவதை மீன் விற்கிறவள் கூடையோடு நின்று பார்த்தாள். இனி வாயை மூடிக்கொண்டு திரிவது எதற்கு என்பது போல, பழைய குரலில் ஒரு கூவல் கூவிக்கொண்டே போனாள். என் தலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து மாலைகளில் முனுசாமியும் நானும் துறைமுகச் சுவர் வரை நடந்தோம். கப்பலில் சரக்கு ஏறி இறங்குவதைத் தூரத்திலிருந்து பார்ப்போம். முதல் நாள் ஒரு வலை ஆடி எழுந்ததுமே எனக்குக் கண் இருட்டியது, சுவரைப் பிடித்து நின்றேன். பக்கத்தில் முனுசாமிக்கும் முகம் வெளுத்திருந்தது. ஓடவில்லை. இருவரும் மறுநாளும் போனோம். சில நாள் முன்னேறும், சில நாள் பின்னுக்குப் போகும். மழை மூட்டம் போட்டால் வலி வரும். தூக்கம் கெட்டால் வரும். வந்தால் போகும் என்பதை மனசு நம்புவதற்கு நீண்ட காலம் ஆயிற்று. உடம்பு அதற்கு முன்பே தயாராகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் தலையா சுற்றுகிறது?

சூசைக்கு நான் திரும்பப் போவதில் இஷ்டம் இல்லை. கோயிலில் வாட்ச்மேன் வேலை காலியாக இருக்கிறது, சாமியாரிடம் கேட்டுவிட்டேன் என்றாள்.

"ஒரு தபா உன்ன தூக்கியாந்து போட்டாங்க. ரெண்டாந் தபா பாக்க எனக்கு தெம்பு இல்லய்யா" என்றாள்.

"வாட்ச்மேனா உக்காந்தா நான் உட்ஞ்ச சரக்குன்னு நானே ஒத்துக்கிட்டமாரி ஆவும் சூச."

"ஒத்துக்கோ. உயிரோட கீற சரக்கு போதும் எனக்கு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. என் கையை நம்பி ஆட்கள் கீழே நிற்பார்களா? அதைவிட, நான் நம்புவேனா? தெரியாமல் கோயில் வாசலில் உட்கார்ந்தால் சாகும்வரை தலை சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இதைச் சொன்னபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் காலை பேசாமல் சோறு கட்டி வைத்தாள்.

முனுசாமி வின்ச்சுக்குத் திரும்புவதென்றால் நான் காட்டினால்தான் என்று சொல்லிவிட்டான். மேஸ்திரிக்கு நம்பிக்கையே இல்லை. டாக்டர் சரி என்றதால் ஒரு நாள் பார்க்கலாம் என்றார். ஏழுமலை மறுபேச்சில்லாமல் விளிம்பிலிருந்து இறங்கி, பழையபடி சரக்கறைக்குள் போனான். என் கண்ணை அவன் பார்க்கவில்லை. அவன் என் இடத்தில் நன்றாகவே காட்டினான் என்று கேள்விப்பட்டிருந்தேன், அதுவும் மனசில் முள்ளாக இருந்தது.

முதல் சில வலைகள் ஒழுங்காகப் போயின. என் கை எழுந்தது, முனுசாமி தூக்கினான். பிறகு ஒரு காலி வலை கரையிலிருந்து திரும்பி வந்தது. காற்றில் ஒரு பக்கமாக ஆடியது. சரக்கறை வாய்க்கு நேராக வந்தபோது எனக்குள் எல்லாம் சாய்ந்தது. தளம், கடல், கீழே இருட்டில் நின்றவர்களின் தலைகள், எல்லாம் ஒன்றாகச் சுழன்றன.

கை காட்டுகிறவன் விளிம்பில் நிற்கும்போது தன் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லக்கூடாது என்பது எங்கள் வழக்கம். காய்ச்சல் இருந்தாலும் சொல்லமாட்டான், பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். சொன்னால் கீழே இருப்பவன் பயந்துபோவான். அந்த வழக்கத்தில் வளர்ந்தவன் நான். இருந்தும் சுற்றினால் ஓடாமல் நிற்கப் பழகியிருந்தேனே தவிர, மறைத்துக்கொண்டு ஆட்களின் தலைக்கு மேல் ஒரு கொக்கியை இறக்க எனக்கு மனசு வரவில்லை. முஷ்டியை மூடினேன். வின்ச்சு நின்றது. வலை அந்தரத்தில் தொங்கியது.

"தல சுத்துது" என்று கீழே பார்த்துக் கத்தினேன். "எனுக்கு தல சுத்துது. நிக்கட்டும்."

வின்ச்சு நின்றிருந்ததால் கப்பல் முழுக்கக் கேட்டிருக்கும். மேஸ்திரி ஓடிவந்தார். "கப்பக்காரன் கத்துவான்யா! நான்தான் அப்பவே சொன்னேன்ல?" என்றார். நான் விளிம்பு இரும்பைப் பிடித்து அப்படியே உட்கார்ந்தேன். மூடிய முஷ்டியை மட்டும் இறக்கவில்லை. முனுசாமி அந்த முஷ்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. ஏழுமலையின் குரல்.

"இன்னா அவசரம் மேஸ்திரி? சும்மா இருங்க" என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீ குந்து நைனா. தெளிஞ்சதும் சொல்லு. நாங்க கீய தான கீறோம்" என்றான்.

சரக்கறைக்குள் மூட்டைகளின்மேல் ஒவ்வொருவராக உட்காரும் சத்தம் கேட்டது. காசிம் பாய் பீடி கேட்டார், கப்பலுக்குள் பற்றவைக்கக்கூடாது என்று யாரோ அவரை வைதார்கள். தலைக்கு மேலே கொக்கி தொங்கிக்கொண்டிருக்க, ஒருவன்கூட ஓரமாக ஒதுங்கவில்லை.

சுற்றல் குறைந்தது. எழுந்து நின்றேன். கீழே ஏழுமலையைப் பார்த்தேன், அவன் தலையசைத்தான். முஷ்டியை விரித்து, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தேன்.